மூத்த பூச்சி

அமிர்தத்தின் வயலை ஒட்டிய தரிசில் ஓர் இரும்புக் கோபுரம் வந்து நின்றது. அதில் சாமியும் கிடையாது, மணியும் கிடையாது. உச்சியில் ஒரு சக்கரம், நாலு பக்கமும் கண்ணைப் பறிக்கும் விளக்கு, அடியில் பூமியைக் குடைகிற குழாய். சம்பா நடவு முடிந்த கையோடு லாரிகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். பூமிக்கு அடியில் நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்கப்போகிறார்களாம். காவிரித் தண்ணீர் பாய்கிற புளியந்திடலில் வந்து கரி தேடுகிறவர்களை என்னவென்று சொல்வது? ஊர் வாய்விட்டுச் சிரித்தது. சிரித்து முடித்ததும் வேலை கேட்டுப் போய் நின்றது.

அமிர்தத்துக்கும் வேலை கிடைத்தது. குழாய்க்குள்ளிருந்து உருட்டுக்கட்டை மாதிரி நீளநீளமாகக் கல் வரும். அதில் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவி, எது மேலே இருந்தது எது கீழே இருந்தது என்கிற வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். வயலில் குனிந்தே பழகிய இடுப்புக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை சொர்க்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வசதி, உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுடைய வயல் தெரிந்தது.

அந்த வயலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். சாரங்கபாணி என்கிற மிராசுதாரருடையது. அமிர்தத்தின் புருஷன் சாமிதுரை குத்தகைக்குச் சாகுபடி செய்தது. கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரன் பேரைத் தாலுக்காவில் பதிய வைத்த காலம் அது. பதிந்த பேரை அழிக்க முடியவில்லையே என்று மிராசுக்கு உள்ளுக்குள் புகைச்சல். முந்தின வருஷம் அறுவடைக் கூலித் தகராறு களத்தில் கைகலப்பாகிவிட, விவசாயச் சங்கத்துக்காரர்களைப் போலீஸ் வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்று அந்த வேன் நின்று விசாரிக்கவில்லை. சாமிதுரை இப்போது திருச்சி ஜெயிலில் இருந்தான். மாசியில் விடுதலை என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

மிராசின் காரியக்காரர் துரைராசு வாரம் தவறாமல் வரப்பில் வந்து நிற்பார். வெயிலே இல்லாவிட்டாலும் குடை பிடித்திருப்பார்.

"ஒத்தைப் பொம்பளை, எதுக்கு அமிர்தம் அல்லாடுற? சாகுபடி பண்ண ஆளில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஐயா உன்னை அப்புடியே விட்டுற மாட்டாரு."

"ஆளில்லைன்னு யாருங்க சொன்னது? நான் என்ன வயல்ல நட்ட பொம்மையா?"

"சரி சரி, இந்தச் சம்பா வீடு வந்து சேரட்டும். குத்தகை நெல்லு அளக்க முடியாமப் போச்சுன்னா அப்பறம் சட்டம் எங்க பக்கம் பேசும். சொல்லலைன்னு சொல்லாதே."

அவ்வளவுதான் விஷயம். இந்தப் பயிர் விளைந்தால் சாமிதுரை திரும்பி வரும்போது நிலம் இருக்கும். விளையாவிட்டால் இருக்காது. அமிர்தம் ஒவ்வொரு கல்லைக் கழுவி வைத்ததும் ஒருமுறை தலை தூக்கி வயலைப் பார்த்துக்கொண்டாள்.

முகாமில் நாகநாதன் என்று ஓர் இளவயது அதிகாரி இருந்தார். தேவகோட்டைப் பக்கத்துக்காரர். கல்லைப் பற்றியே படித்தவர். மற்றவர்கள் சாப்பிட்டதும் சீட்டாடப் போய்விடுவார்கள். அவருக்கோ கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கேட்க ஆள் வேண்டும். அமிர்தம் எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கல்லுல பாருங்க அமிர்தம்மா, சிப்பி. இந்த எடத்துல ஒரு காலத்துல கடல் இருந்துச்சு."

"எப்ப சார்? எங்க மாமனாரு காலத்துலயா?"

"அதுக்கும் முன்னாடி."

அவள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மாமனார் காலத்துக்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். ஆனால் கார்த்திகை அடைமழை விட்ட நாளில், குழாய்க்குள்ளிருந்து கன்னங்கரேலென்று ஒரு கல் வந்தது. கழுவக் கழுவத் தண்ணீர் மையாக ஓடியது. நாகநாதன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவான குரலில் பேசினார்.

"இது காடு."

"எங்க சார் காடு?"

"இதேதான். மரமெல்லாம் சதுப்புல விழுந்து, மேல மண்ணு மூடி, அழுந்தி அழுந்திக் கரியாயிடுச்சு. அந்தக் காட்டுல பூ கெடையாது. பூங்கிறதே உலகத்துல வராத காலம். குருவி கெடையாது. மாடு கெடையாது. மனுஷன் கெடையாது."

"மிராசு?"

"அவரும் கெடையாது."

"அப்ப நல்ல காலந்தான்," என்றாள் அமிர்தம்.

அன்றிலிருந்து அந்தக் காடு அவளை விடவில்லை. கண்ணை மூடினால் வந்துவிடும். பூவில்லாத மரங்கள் வரிசை வரிசையாகத் தண்ணீருக்குள் நிற்கும். குருவிச் சத்தம் இல்லாத காடு எவ்வளவு அமைதியாக இருக்கும்? இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்கும். அந்தக் காட்டுக்கு அவளுடைய மூன்று மாவும் கூரை. களை எடுக்க வயலில் இறங்கினால், இந்தக் காலுக்குக் கீழே, சேற்றுக்கும் மணலுக்கும் சிப்பிக்கும் கீழே, அது கிடக்கிறது என்ற நினைப்பு வரும். கீழே யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் மெதுவாகக் கால் வைப்பாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஒரு நாள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. துரைராசுவின் குடை அந்தக் காட்டுக்குள் வராது.

பிறகு இறக்கை வந்தது.

கரிக்கு அடியிலிருந்து வந்த சாம்பல் நிறக் கல் அது. கழுவும்போது அவள் கையிலேயே ஏடாகப் பிளந்தது. மேல் ஏடு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கீழ் ஏட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் இறக்கை ஒட்டியிருந்தது. அடியில் தடித்த ஒரு நரம்பு, அதிலிருந்து நாலு நரம்பு, ஒவ்வொன்றிலிருந்தும் இன்னும் மெல்லிசாகப் பல. காவிரி வெண்ணாறாகி, வெண்ணாறு கோரையாறாகி, கோரையாறு வாய்க்காலாகி, வாய்க்கால் சின்னக் கன்னிவாய்க்காலாகி அவள் வயலுக்குள் வந்து முடிகிற மாதிரியே இருந்தது. ஈரத்தில் அது மினுங்கியபோது இப்போதுதான் உட்கார்ந்தது போலவும், ஊதினால் எழுந்து போய்விடும் போலவும் தோன்றியது. அமிர்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நாகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். லென்ஸை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் எவனுக்கும் இப்படி ஒன்று கிடைத்ததில்லை என்றார்.

"பூவே இல்லைங்கிறீங்க. அப்ப இது எதைத் தின்னு உசுரு வாழ்ந்துச்சு?" என்று அமிர்தம் கேட்டாள்.

"தண்டுல ஊசி மாதிரி மூக்கைக் குத்திச் சாறை உறிஞ்சும். உங்க வயல்ல வருமே புகையான், அந்தச் சாதிதான். இது அதுக்கெல்லாம் மூத்தது, கொள்ளுத் தாத்தான்னு வச்சுக்கங்களேன்."

சந்தோஷத்தில் சொன்ன பேச்சு. பெட்டியில் பஞ்சு பரப்பி, கல்லைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தினார். கல்கத்தாவிலுள்ள தலைமை ஆபீசுக்கு அனுப்பப்போகிறாராம். சொன்னதை அப்போதே அவர் மறந்துவிட்டார். கேட்டவள் மறக்கவில்லை.

மார்கழியில், கதிர் பால் பிடிக்கிற சமயத்தில், புகையான் விழுந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்புப் பூச்சி. தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அடை அடையாக அப்பிக்கொண்டு சாறைக் குடிக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு காலையில் வட்டமாக ஓரிடம் தீய்ந்துபோயிருக்கும். புதிதாக வந்த ஐ.ஆர். இருபது நெல் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். அமிர்தத்தின் வயலில்தான் முதல் வட்டம் விழுந்தது, அதுவும் கோபுரத்தைப் பார்த்த மூலையில். 

தெருவில் ஒரே பேச்சு. குழாய் போட்டுப் பூமியைக் குடைந்தார்களே, அந்த ஓட்டை வழியாகத்தான் பூச்சி வெளியே வந்தது என்றார்கள். கோபுரத்து விளக்கைச் சுற்றி மேகம் மாதிரி பூச்சி பறந்துகொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்? முகாமில் சாம்பாரில் பூச்சி, சோற்றில் பூச்சி. துரைராசு குடையோடு வந்து தீய்ந்த வட்டத்தைப் பார்த்தார்.  அவர் பேசாமல் போனதுதான் அமிர்தத்துக்கு அதிகமாக வலித்தது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வயலில் பூச்சி விழுந்தால் அதை வழியனுப்புவார்கள். இருப்பதில் பெரியதாக ஒன்றைக் கொல்லாமல் பிடித்து, பூவரசு இலையில் மஞ்சளும் நாலு அரிசியும் வைத்து, அதையும் அதில் உட்கார வைத்து வாய்க்காலில் விடுவார்கள். பிள்ளைகுட்டியைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடு என்று சொல்லி மூன்று தரம் கும்பிடுவார்கள். அடுத்த வீட்டுப் பூவம்மாளும் அமிர்தமும் அப்படி ஒன்றை விட்டார்கள். மறுநாள் வட்டம் இரண்டாகியிருந்தது.

"எள்ளு மாதிரி இருக்குறதைப் புடிச்சு அனுப்புனா எப்படிடி போகும்?" என்றாள் பூவம்மாள். "மூத்தது கெளம்புனாத்தான் மத்ததெல்லாம் கெளம்பும். பொடியன் சொன்னா யாரு கேப்பா?"

"மூத்ததுக்கு எங்கக்கா போறது?" என்றாள் அமிர்தம். கேட்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சுப் படுக்கையில் இருக்கிறது. கொள்ளுத் தாத்தாவைப் பெட்டியில் பிடித்து வைத்துக்கொண்டால் பேரப்பிள்ளைகள் எப்படி ஊரைவிட்டுப் போகும்?

அவள் நேராகவே போய்க் கேட்டாள். நாகநாதன் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"அமிர்தம்மா, அது செத்துக் கோடிக்கணக்கான வருஷமாச்சு. அது வெறும் கல்லு."

"வெறும் கல்லுன்னா பஞ்சு எதுக்கு சார்?"

"அது வேற. அது... என் வாழ்க்கைக்கே அது ஒண்ணு போதும். உங்களுக்குப் புரியாது."

"என் வாழ்க்கைக்கு இந்த மூணு மா போதும் சார். நீங்க புரிஞ்சுக்கங்க."

அவர் முகம் வாடியது. நல்ல மனுஷர்தான். ஆனாலும் கல்லைத் தரவில்லை.

இரண்டு வட்டம் நாலானது. குழாய் முனையில் கல்லை அறுக்கிற பல் தேய்ந்துபோய், புதிது வருகிறவரை துளை போடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் விளக்கு மட்டும் வழக்கம்போல விடிய விடிய எரிந்தது. ஒரு நாள் நடுப்பகலில், முகாமே சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்த நேரத்தில், அமிர்தம் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.  பிடிபட்டால் தன்னையும் வேனில் ஏற்றுவார்கள். அப்போது வயல் போனது போனதுதான். எடுக்காவிட்டாலும் போனதுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

பூவரசு இலை கல்லைத் தாங்காது. வாழைத்தண்டு இரண்டை மூங்கில் குச்சியால் கோத்துச் சின்னத் தெப்பம் கட்டினாள். கல்லுக்கு மஞ்சள் பூசி, அரிசி வைத்து, வாய்க்காலில் இறக்கினாள். தெப்பம் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. அவளும் கரையோடு கூடவே நடந்தாள்.

பகல் வெயில் பனியில் கரைந்து பால் நிறமாக இருந்தது. இரண்டு பக்கமும் பச்சை. நடுவில் அசைகிறதா இல்லையா என்று தெரியாத தண்ணீர். அதன் மேல் உலகத்தில் பூவே இல்லாத காலத்து இறக்கை. கரையில் ஒரு பூவரசு பூத்திருந்தது. மஞ்சள் பூ ஒன்று உதிர்ந்து தெப்பத்துக்குப் பக்கத்தில் விழுந்து, கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பூவைப் பார்த்திருக்கிறாயா நீ, இதுதான் பூ என்று அமிர்தம் சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். அது என்ன, இது என்ன என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். இது கொக்கு. அது மாடு, மேய விட்டிருக்கிறார்கள். இது எங்கள் தெருச் சுடுகாட்டுப் பாதை. அதோ தெரிகிறதே, அது சாரங்கபாணி ஐயா வீட்டு மாடி. நீ இருந்த காலத்தில் இதெல்லாம் இல்லை. நடக்க நடக்க, வயலுக்குக் கீழே இருந்த காடு மேலே ஏறி வந்து இரண்டு கரையிலும் சத்தமில்லாமல் நிற்பது போல அவளுக்கு இருந்தது.

வாய்க்கால் கடைசியில் மதகு. அங்கே தண்ணீர் சுழித்து ஒரு மடுவில் இறங்கும். தெப்பம் மதகுச் சுவரில் முட்டி நின்றுகொண்டது. நீளக் குச்சியால் தள்ளிவிட வேண்டியதுதான். அவள் குச்சியை எடுத்தாள். நனைந்த கல்லில் இறக்கையின் நரம்பெல்லாம் எழுந்து தெரிந்தன. அவளுக்கு என்னவோ செய்தது. எத்தனை காலம் மண்ணுக்கடியில் கிடந்தது; வெளியே வந்து நாலு நாள் வெயிலைப் பார்ப்பதற்குள் துரத்துகிறோமே. சாமிதுரையை வேனில் ஏற்றியபோது அவன் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. போக மனசில்லையென்றால் வந்துவிடு என்று குச்சியால் தெப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். சுழல் இன்னொரு பக்கம் இழுத்தது. தெப்பம் கவிழ்ந்து, கல் நீருக்குள் போய்விட்டது.

பெட்டி காலியாக இருப்பதைக் கண்டு நாகநாதன் ஓடி வந்தபோது அவள் மதகுச் சுவரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க?" என்றார்.

அவள் தண்ணீரைக் காட்டினாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முகாமில் மற்றவர்கள் போலீசுக்கு ஆள் அனுப்பலாம் என்றார்களாம். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்லைத் தேட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் காதர் மைதீனைக் கெஞ்சி மேல் மதகை அடைக்கச் சொன்னார். துளைதான் நின்றிருக்கிறதே என்று, கோபுரத்து ஜெனரேட்டரை மாட்டு வண்டியில் ஏற்றி மதகடிக்குக் கொண்டுவந்து, பம்பு வைத்து மடுவை இறைத்தார். ஜெனரேட்டர் இங்கே வந்ததும் அங்கே கோபுரம் இருண்டுவிட்டது. அமாவாசைக் கருக்கலில் அது இருந்த இடமே தெரியவில்லை.

வாய்க்கால் வற்றியதும் கடைமடையிலிருந்த அமிர்தத்தின் வயல் தண்ணீரும் மடை வழியாக வடிந்துவிட்டது. இரண்டு மூன்று நாளில் சேறு இறுகி, வயலில் வெடிப்புக்கூட ஓடியது. இருந்த தண்ணீரும் போயிற்றே, கதிர் பதராகிவிடுமே என்று அமிர்தம் மனசு பதைத்தது. ஆனால் எந்த வாயால் போய்க் கேட்பாள்? தெருவே மடுவில் இறங்கிக் காலால் துழாவியது. அவளும் இறங்கினாள்.

அவள் காலில்தான் அது பட்டது. நத்தை தடவிப் பழகிய கால், பட்டதும் தெரிந்துவிட்டது. ஏடாகப் பிளந்த விளிம்பு, குதிகாலுக்குக் கீழே. நாகநாதன் கையெட்டும் தூரத்தில் தொடையளவு சேற்றில் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடி சேறு பட்டுக் குருடாகியிருந்தது.

"ஏதாச்சும் தட்டுப்படுதா அமிர்தம்மா?"

மூத்தது கிளம்பிப் போயிருக்கிறது. இப்போது அதைத் திரும்ப எடுத்தால் பேரப்பிள்ளைகளும் திரும்பிவிடும்.

"இல்லைங்க சார்."

குதிகாலால் அதை இன்னும் கீழே அழுத்தினாள். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. 

அடுத்த நாள் பூவம்மாள் வந்து கூப்பிட்டாள். "ஏய், உன் வயலைப் போய்ப் பார்த்தியா?" அமிர்தம் போய்ப் பயிரை விலக்கித் தூரைப் பார்த்தாள். அடை அடையாக அப்பியிருந்த பூச்சியைக் காணோம். உரித்துப்போட்ட தோல் மட்டும் தவிடு மாதிரி கிடந்தது. வட்டங்கள் நாலோடு நின்றுவிட்டன. மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். பச்சை பச்சையாகவே நின்றது. வரப்பில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் பூவம்மாள் வாய்க்காலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கல் கிடைக்கவில்லை என்று நாகநாதன் தேடுவதை நிறுத்தினார். லஸ்கர் மதகைத் திறந்தார். தண்ணீர் வந்து பயிர் பிழைத்தது. புதுப் பல் வருவதற்குள் நாகூர்க் கடற்கரைப் பக்கம் போகச் சொல்லி முகாமுக்கு உத்தரவு வந்துவிட்டது. கோபுரத்தைப் பிரிப்பதற்குப் பகல் வெளிச்சமே போதும் என்பதால் விளக்கு மறுபடி எரியவில்லை. லாரி இறங்க வழி காய்கிறவரை மூட்டை முடிச்சோடு அங்கேயே கிடந்தார்கள். நாகநாதன் யாரோடும் அதிகம் பேசவில்லை. அமிர்தத்திடம் மட்டும், எதிரே பட்டால், பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அவர் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மனசைப் பிசையும். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தை நடுவில் அறுத்தார்கள். வழக்கமான மகசூல் இல்லை, ஆனாலும் பழுதில்லை. குத்தகை நெல்லைக் களத்திலேயே தனிப் பொலியாகக் குவித்துவிட்டு, அளந்துகொள்ளச் சொல்லித் துரைராசுவுக்கு ஆள் விட்டாள். அவர் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"சாமிதுரை எப்ப வர்றான்?" என்றார்.

"மாசியிலங்க. வந்ததும் வயலுதான்."

மேட்டூர் அணையை அடைத்ததும் வாய்க்கால் தானாகவே வற்றியது. அமிர்தம் மதகடியில் இறங்கி, சேற்றைக் கையால் தோண்டிக் கல்லை எடுத்தாள். கழுவி, ஈரத்துணியில் சுற்றி, முகாமுக்குக் கொண்டுபோனாள். அங்கே லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாகநாதன் துணியைப் பிரித்தார். ஒரு நரம்பும் சிதையாமல் அப்படியே இருந்தது. 

"அன்னைக்கே கால்ல பட்டுச்சு சார்," என்றாள். "சொல்லலை. அறுத்த பொறவு தரலாம்னு இருந்தேன்."

கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் அமிர்தம்மா, கேளுங்க. உங்க பயிரை இந்தக் கல்லு காப்பாத்தலை. பூச்சி வந்தது எங்க விளக்குக்கு. ஜெனரேட்டரைத் தூக்கிட்டுப் போனதும் விளக்கு இல்லை. இருந்த பூச்சியும் தூர்ல ஈரம் இருந்தாத்தான் தங்கும். வயல் காஞ்சுது, போயிடுச்சு. இதெல்லாம் எனக்கே அப்புறந்தான் ஒறைச்சுது. கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஜெனரேட்டரை எதுக்கு சார் தூக்கிட்டுப் போனீங்க?"

"கல்லைத் தேடத்தான்."

"மதகை எதுக்கு அடைச்சீங்க?"

"அதுவும் கல்லைத் தேடத்தான்."

"மூத்தது கெளம்புச்சு, மத்ததெல்லாம் கெளம்பிடுச்சு. நாங்களும் அதைத்தானே சார் சொல்றோம்."

 அவர் படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்திருக்கும். அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. சிரித்துவிட்டார். கல்லை மறுபடி பஞ்சில் கிடத்தினார். மூடப் போனபோது அமிர்தம் தடுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்து புது நெல் ஒரு பிடியை எடுத்து, இறக்கையில் படாமல் பஞ்சின் ஓரமாக வைத்தாள்.

"இது என்ன?"

"குத்தகை சார். சாரங்கபாணி ஐயாவுக்கு அளந்தாச்சு. அவருக்கும் முன்னாடி, அவரு பாட்டன் பூட்டனுக்கும் முன்னாடி இந்த நெலத்துல இருந்தது இதுதானே. இதுக்கு இதுநாள் வரைக்கும் யாரும் அளந்ததில்லையே."

"கல்கத்தாவுல பெட்டியைத் தெறந்தா, நெல்லு எதுக்குன்னு கேப்பாங்களே."

"புளியந்திடல் மூத்த மிராசு பங்குன்னு சொல்லுங்க."

அவர் அந்த நெல்லை எடுக்கவில்லை. பெட்டியை மூடி ஆணி அடித்து, தானே தூக்கிக்கொண்டு போய் லாரியில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வண்டி கூத்தாநல்லூர்ச் சாலையில் ஏறித் திரும்புகிறவரை அமிர்தம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வயலில் இறங்கினாள். அறுத்த தாளுக்கு நடுவே, தெளித்துவிட்டிருந்த பயறு இரண்டு இரண்டு இலையாக முளைத்திருந்தது. அதன் மேல் பாதம் படாமல், கீழே தூங்குகிற காட்டுக்கும் வலிக்காமல், மூன்று மாவையும் ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தாள். மாசி பிறக்க அதிக நாள் இல்லை.